கோடு எழுந்தால் சிக்னலா? கையடக்க ஸ்பெக்ட்ரம் அனலைசருடன் முதல் சில நாட்கள்

எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு பலமான ரேடியோ சிக்னல் இருக்கிறது என்பதைத் திரையில் கோடாகக் காட்டும் கருவிதான் ஸ்பெக்ட்ரம் அனலைசர். பெட்டியைப் பிரித்ததும் எல்லாரும் செய்வது ஒன்றுதான். கூடவே வந்த ஆன்டெனாவை மாட்டுவோம், சுவிட்சைப் போடுவோம், திரையில் முளைக்கும் கோடுகளைப் பார்த்து மலைத்துப்போவோம். நானும் அதைத்தான் செய்தேன். அன்றைக்கு மொட்டைமாடியில் நின்று நான் பார்த்த கோடுகளில் பாதி காற்றில் இல்லவே இல்லை. கருவியே உள்ளுக்குள் கிளப்பிவிட்டவை. அது புரிய எனக்கு இரண்டு வாரம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் வைத்திருப்பது டைனி எஸ்ஏ. நெதர்லாந்தைச் சேர்ந்த எரிக் காஸ்ஹூக் வடிவமைத்து 2020-ல் வெளிவந்தது. ஆய்வுக்கூடங்களில் இருக்கும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் லட்சக்கணக்கில் விலை சொல்லும். இது சில ஆயிரங்களில் முடிந்துவிடும். உள்ளே இருப்பவை சாதாரண ரேடியோ சில்லுகள், அவற்றை மேய்க்க ஒரு சின்ன புராசசர். மீதி வேலை மென்பொருளுடையது. விலை குறைந்ததன் ரகசியமும் அதுதான், பொய்க் கோடுகள் வருவதற்கு ஒரு காரணமும் அதுதான். வாங்கும்போது ஒன்று கவனியுங்கள்: போலிகள் நிறைய. வடிவமைத்தவரின் இணையதளத்தில் பட்டியலிட்டிருக்கும் விற்பனையாளரிடம் வாங்குவது நல்லது. பின்னர் வந்த அல்ட்ரா மாடலில் மெனுவும் எல்லைகளும் கொஞ்சம் மாறும். இங்கே சொல்லும் எண்கள் பழைய சின்ன மாடலுக்கு.

முதலில், எதைச் செய்யக் கூடாது

கருவியில் இரண்டு எஸ்எம்ஏ (மரை திருகி மாட்டும் சின்ன இணைப்பி) வாய்கள். லோ என்பது 100 கிலோஹெர்ட்ஸிலிருந்து 350 மெகாஹெர்ட்ஸ் வரை. ஹை என்பது 240-லிருந்து 960 மெகாஹெர்ட்ஸ் வரை. இரண்டிலும் உள்ளே போகலாம் என்ற உச்ச அளவு +10 டிபிஎம், அதாவது வெறும் 10 மில்லிவாட். நல்ல அளவீடு வேண்டுமென்றால் −25 டிபிஎம்முக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள்.

டிபிஎம் புதிதாக இருந்தால் இவ்வளவு போதும். 0 டிபிஎம் என்பது 1 மில்லிவாட். 10 கூடினால் பத்து மடங்கு, 3 கூடினால் ஏறக்குறைய இரு மடங்கு. 5 வாட் வாக்கி-டாக்கி என்பது +37 டிபிஎம். கருவி தாங்கும் அளவைவிட 27 கூடுதல், அதாவது 500 மடங்கு. நேராக மாட்டி பட்டனை அழுத்தினால் கதை அன்றோடு சரி. நேராகக்கூட மாட்ட வேண்டாம். அனலைசரில் ஆன்டெனா இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து வாக்கி-டாக்கியில் பேசினாலே ஆபத்து. என் முதல் கருவியின் லோ வாய் அப்படித்தான் செவிடானது. ஒரு முழம் தூரத்தில் நண்பர் ஒருவர் "ஹலோ, சோதனை" என்றார், அவ்வளவுதான்.

மாடியில் கட்டிய பெரிய ஆன்டெனாவை மாட்டுவதானால், கேபிளின் நடுக்கம்பியையும் வெளியுறையையும் முதலில் ஒரு நொடி தொட வைத்து, தேங்கிய மின்னூட்டத்தை இறக்கிவிடுங்கள். இடி மழை நாளில் மாட்டவே வேண்டாம்.

அப்புறம் இணைப்பு. எஸ்எம்ஏ இணைப்பில் மரையை மட்டும் திருக வேண்டும், கேபிளைச் சுழற்றக் கூடாது. சுழற்றினால் நடு ஊசி தேயும். வைஃபை ரவுட்டர் ஆன்டெனா கையில் கிடந்தால் ஆசைப்பட வேண்டாம். அதில் இருப்பது ஆர்பி-எஸ்எம்ஏ. மரை அழகாக ஏறும், உள்ளே ஊசி தொடவே தொடாது. திரையில் ஒன்றும் வராமல் நீங்கள் கருவியைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

கருவியைக் கருவியால் சோதிப்பது

கூடவே வரும் குட்டி கேபிளால் லோ, ஹை இரண்டையும் இணையுங்கள். கான்ஃபிக் மெனுவில் செல்ஃப் டெஸ்ட். வரிசையாகப் பத்துக்கு மேற்பட்ட சோதனைகள் ஓடும், ஒவ்வொன்றும் பச்சையில் தேற வேண்டும். பிறகு அதே மெனுவில் லெவல் கேலிப்ரேஷன். கருவி தானே 30 மெகாஹெர்ட்ஸில் −25 டிபிஎம் அளவுள்ள சிக்னலை உருவாக்கி, அதை வைத்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். இந்த இரண்டையும் செய்யாமல் எடுத்த எந்த எண்ணையும் நான் நோட்டில் எழுதுவதில்லை. ஏதாவது இசகுபிசகாக நடந்துவிட்டது என்று தோன்றினாலும் முதலில் ஓட்ட வேண்டியது செல்ஃப் டெஸ்ட்தான். என் கருவி போய்ச் சேர்ந்த செய்தியை எனக்குச் சொன்னதும் அதுவே.

கேபிளைக் கழற்றிவிடாதீர்கள். மோட் மெனுவில் கேல் அவுட்புட்டை (கருவி தானே உருவாக்கும் அந்தச் சிக்னலை) 30 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். சென்டர் (திரையின் நடு) 30, ஸ்பான் (திரையின் மொத்த அகலம்) 1 மெகாஹெர்ட்ஸ். நடுவில் ஒரு கோபுரம் நிற்கும், மார்க்கர் அதன் உச்சியில் −25-ஐ ஒட்டி ஒரு எண்ணைக் காட்டும். இந்த ஒற்றைக் கோபுரத்தோடு அரை மணி நேரம் விளையாடினால் பின்னால் பல மணி நேரம் மிச்சம்.

ஃப்ரீக்வென்சி மெனுவில் ஆர்பிடபிள்யூ என்று ஒன்று இருக்கும். கருவி ஒரு தடவையில் எவ்வளவு அகலமான அதிர்வெண் துண்டைப் பார்க்கிறது என்பதுதான் அது. அதை 3 கிலோஹெர்ட்ஸில் வைத்துப் பாருங்கள், கோபுரம் ஊசியாக மெலியும். 30-ல் வையுங்கள், பருக்கும். 300-ல் வையுங்கள், மேடாகிவிடும். உச்சி மட்டும் அதே −25-ல் நிற்கும். ஆனால் அடியில் புல் மாதிரி ஆடிக்கொண்டிருக்கும் இரைச்சல் மட்டம், ஒவ்வொரு முறையும் 10 டிபி (இரண்டு டிபிஎம் அளவுகளின் வித்தியாசத்தை டிபி என்பார்கள்) மேலே ஏறும்.

ஆர்பிடபிள்யூவைச் சல்லடைக் கண் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இரைச்சல் எங்கும் தூவிக் கிடக்கும் மாவு. கண் பத்து மடங்கு பெரிதானால் பத்து மடங்கு மாவு இறங்கும். கோபுரமோ ஒற்றைக் கல். எந்தக் கண்ணில் வந்தாலும் அது அதே கல்தான். மெலிந்த சிக்னலைத் தேடும்போது கண்ணைச் சிறிதாக்கச் சொல்வது இதனால்தான். கண் சிறிதானால் சலிக்க நேரம் பிடிக்கும், அதற்குத் தயாராக இருங்கள். 30 கிலோஹெர்ட்ஸில் இந்தக் கருவி கண்டுகொள்ளும் அடிமட்டம் −102 டிபிஎம் அளவில். பின்னால் இந்த எண் தேவைப்படும்.

எஃப்எம் பட்டை: நிஜமும் பொய்யும்

இப்போது கேபிளைக் கழற்றி, மோடை லோ இன்புட்டுக்கு மாற்றி, நீட்டும் ஆன்டெனாவை லோ வாயில் மாட்டுங்கள். 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ். சென்னையில் இருந்தால் இடது பக்கம் ஒரு வேலி தெரியும்: 91.1, 91.9, 92.7, 93.5, 94.3. ஒவ்வொன்றுக்கும் நடுவே 800 கிலோஹெர்ட்ஸ், அடி பிசகாமல். வலப்பக்கம் 98.3, வானொலியின் ரெயின்போ 101.4, கோல்டு 102.3, கடைசியில் 106.4. காதால் கேட்டுப் பழகிய எண்களைக் கண்ணால் பார்ப்பதில் ஒரு தனி சந்தோஷம் இருக்கிறது, அதை அனுபவியுங்கள்.

101.4-ஐ நடுவில் வைத்து ஸ்பானை 500 கிலோஹெர்ட்ஸாகச் சுருக்குங்கள். ஆர்பிடபிள்யூ 3. ட்ரேஸ் மெனுவில் மேக்ஸ் ஹோல்டு, அதாவது ஒவ்வொரு புள்ளியிலும் வந்த உச்சத்தை அழிக்காமல் பிடித்துவைப்பது. பாட்டு ஓட ஓடக் கோடு இடமும் வலமும் தாவி, ஒரு நிமிடத்தில் 200 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய அகலத்தில் ஒரு குன்று எழும்பியிருக்கும். சரி, இதன் பலம் எவ்வளவு? மார்க்கர் காட்டுவதை அப்படியே எழுதிவிடாதீர்கள். சிக்னல் 200 அகலம், உங்கள் சல்லடைக் கண் 3. ஒரு பகுதிதான் உள்ளே வருகிறது. மேக்ஸ் ஹோல்டை அணைத்துவிட்டு ஆர்பிடபிள்யூவை 30, 100, 300 என்று ஏற்றுங்கள். எண்ணும் ஏறிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிடும். நின்ற எண்தான் விடை.

அந்த எண்ணும்கூட அனலைசரின் வாய்க்கு வந்து சேர்ந்த பலம் மட்டுமே. காற்றில் அலை எவ்வளவு பலமாக இருக்கிறது என்பது வேறு கேள்வி. அதற்கு அளவறிந்த ஆன்டெனா வேண்டும். ஆன்டெனாவைச் சற்றுச் சாய்த்தாலே பல டிபி மாறுவதைப் பார்ப்பீர்கள். "எங்கள் ஊரில் இந்த நிலையம் −41" என்று யாராவது சொன்னால், எந்த ஆன்டெனா என்று கேளுங்கள்.

இனி என்னை ஏமாற்றிய இடத்துக்கு வருவோம். எஃப்எம் கோபுரத்துக்கு அருகில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உள் அட்டெனுவேட்டரை (உள்ளே வரும் சிக்னலைக் குறைக்கும் பகுதியை) 0-வில் வைத்துவிட்டு 176 முதல் 216 வரை பாருங்கள். அங்கே ஒரு காடே நிற்கும். நான் அதைப் பார்த்து, ஏதோ தொலைக்காட்சி ஒளிபரப்பு என்று நினைத்து, பக்கம் பக்கமாகக் குறித்து வைத்தேன். பிறகுதான் எண்களைப் பார்த்தேன்: 196.6, 199.7, 202.8. முதலாவது 98.3-இன் இரு மடங்கு. மூன்றாவது 101.4-இன் இரு மடங்கு. நடுவில் இருப்பது 98.3, 101.4 இரண்டின் கூட்டுத்தொகை. பலமான சிக்னல்கள் கருவியின் உள்ளே மிக்சரை (அதிர்வெண்ணை மாற்றும் பகுதியை) திணறடித்துப் பெற்றுப்போட்ட குட்டிகள்.

கண்டுபிடிக்கும் வழி ஒன்றுதான், அதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். லெவல் மெனுவில் அட்டெனுவேட்டை 0-விலிருந்து 10-க்கு மாற்றுங்கள். கருவி அந்த 10-ஐக் கணக்கில் சேர்த்துத்தான் திரையில் காட்டும். எனவே வெளியிலிருந்து வரும் சிக்னல் இருந்த உயரத்திலேயே நிற்கும். அடிப்புல் மட்டும் 10 டிபி வளரும். உள்ளே பிறந்த பொய் அப்படி நிற்காது. இரு மடங்கு வகைப் பொய் 10 இறங்கும், 2×98.3−101.4 மாதிரியான மூன்றாம் படிப் பொய் 20 இறங்கும். அந்தக் கணக்கின்படி 95.2-ல் ஒரு கோடு முளைத்தால் அதையும் இதே உரைகல்லில் உரசுங்கள். என் காடு 10-ஐத் தட்டியதும் பாதி புல்லில் மறைந்தது, 20-ல் மொத்தமாகக் காணாமல் போனது. நோட்டில் எழுதிய பக்கங்களைக் கிழித்துப் போட்டேன்.

ரிமோட் சாவி: கண்ணாமூச்சி

கார் சாவி, கேட் ரிமோட் போன்றவற்றில் பல 433.92 மெகாஹெர்ட்ஸில் பேசும். இது லோவின் எல்லைக்கு வெளியே, எனவே ஆன்டெனாவை ஹைக்கு மாற்றி மோடையும் ஹை இன்புட் ஆக்குங்கள். லோ ஏன் 350-ல் நின்றுவிடுகிறது என்பதற்கும் இங்கே பதில் இருக்கிறது. லோ வழியில் வரும் எல்லாவற்றையும் கருவி முதலில் 434-ஐ ஒட்டிய ஓர் இடத்துக்குத் தூக்கித்தான் வடிகட்டுகிறது. அந்த இடத்தை அதனால் வேடிக்கை பார்க்க முடியாது.

சென்டர் 433.92, ஸ்பான் 2 மெகாஹெர்ட்ஸ். ரிமோட்டை அழுத்துங்கள். பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, அல்லது பாதிக் கோடு. கருவி ஒவ்வொரு புள்ளியாக நடந்து போகிறது. அது இடது ஓரத்தில் இருக்கும்போது ரிமோட் பேசி முடித்துவிட்டால் பார்த்திருக்க வாய்ப்பில்லை. இருட்டறையில் டார்ச்சைச் சுழற்றிக்கொண்டே எலியைத் தேடுவது மாதிரி. மேக்ஸ் ஹோல்டு போட்டு, விட்டு விட்டுப் பத்துப் பதினைந்து முறை அழுத்துங்கள். கோபுரம் துண்டு துண்டாகக் கூடி வரும்.

அது எந்த இடம் என்று தெரிந்ததும் ஸ்பானை 0 ஆக்குங்கள். டார்ச் இப்போது ஒரே மூலையில் நிற்கிறது. கிடையச்சு இனி நேரம். அழுத்தினால், பல மலிவான ரிமோட்டுகளில் குட்டையும் நெட்டையுமாகத் துடிப்புகள் வரிசைகட்டுவதைக் காணலாம். சிக்னல் இருக்கிறது, இல்லை என்று மாற்றி மாற்றித்தான் சேதி அனுப்புகிறார்கள். பேட்டரி தீர்ந்த ரிமோட்டையும் பட்டன் உடைந்த ரிமோட்டையும் வேறுபடுத்த இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. ஹை வாயில் முன் வடிகட்டி கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். நிஜ சிக்னலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு நிழல் கோபுரம் நிற்கக்கூடும்.

வீட்டு இரைச்சலை மோப்பம் பிடிப்பது

சிற்றலை கேட்பவர்கள் இதற்காகவே இந்தக் கருவியை வாங்கலாம். அரை முழம் மெல்லிய கேபிளின் நுனியில் நடுக்கம்பியை வளைத்து, இரண்டு சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு வளையம் செய்து, நுனியை வெளியுறையில் பற்றவையுங்கள். மேலே முழுக்க இன்சுலேஷன் டேப். லோ வாயில் மாட்டி, 1 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வையுங்கள். மெயின்ஸ் கம்பியைத் தொடாமல், பல்பின் பிளாஸ்டிக் உடலுக்கு மேலாகவும் சார்ஜரின் வெளிப்பக்கத்திலும் வளையத்தைப் பிடித்துக்கொண்டு போங்கள். குற்றவாளி அருகே வந்ததும் அடிப்புல் திட்டுத் திட்டாக எழும்பும். எங்கள் வீட்டில் நான் சந்தேகப்பட்டது டிவியை. அகப்பட்டது சாமி படத்துக்கு மேலே கண்சிமிட்டும் சீரியல் செட்டின் அடாப்டர். இங்கே டிபிஎம் எண்ணுக்கு அர்த்தம் இல்லை. போட்டால் எவ்வளவு, அணைத்தால் எவ்வளவு என்ற வித்தியாசம்தான் பேசும்.

வாக்கி-டாக்கியின் ஹார்மோனிக்

கடைசியாக, எண் சொல்ல வேண்டிய ஓர் அளவீடு. ரேடியோ தன் அதிர்வெண்ணின் இரு மடங்கிலும் மும்மடங்கிலும் சேர்த்துக் கசியவிடும் வேண்டாத சிக்னல்தான் ஹார்மோனிக். அமெச்சூர் (ஹாம் ரேடியோ) உரிமம் உள்ளவர்களுக்கானது. இந்தியாவில் உரிமம் இல்லாமல் 144–146 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பக் கூடாது.

தேவையானவை: 10 வாட் தாங்கும் 40 டிபி அட்டெனுவேட்டர் ஒன்று, சிறிய 20 டிபி ஒன்று, சிறிய 10 டிபி ஒன்று. ரேடியோவை ஒட்டி வருவது பெரியதாகத்தான் இருக்க வேண்டும். வரிசை மாறினால் சின்னது புகையும். 5 வாட், +37. 60 டிபி குறைத்தால் −23. நாம் விரும்பிய −25-க்கு ஏறக்குறைய வந்துவிட்டோம்.

ரேடியோவை 145.000-ல் வைத்து, 100 முதல் 320 வரை திரையில் கொண்டுவாருங்கள். ஆர்பிடபிள்யூ 30. உள் அட்டெனுவேட் 0. பட்டனை அழுத்தி, பேசாமல், சில நொடிகள் மட்டும். அட்டெனுவேட்டர் பெட்டி சூடாகும், இடைவெளி விடுங்கள்.

என்னிடம் இருந்த மலிவு விலை ரேடியோ ஒன்றில் எனக்குக் கிடைத்தது இது: 145-ல் −23.4, 290-ல் −66. பழைய ஞாபகத்தில் உடனே 10 டிபியை இடையில் சேர்த்தேன். −33.5, −76. இந்த முறை அட்டெனுவேட்டர் வெளியே இருப்பதால் நிஜம் 10 இறங்க வேண்டும், இரு மடங்குப் பொய் 20 இறங்க வேண்டும். இரண்டும் பத்துப் பத்தாக இறங்கின. எனவே 290-ல் இருப்பது ரேடியோவிலிருந்து வருவதுதான்.

கணக்கு: −23.4-ஓடு 60 சேர்த்தால் 36.6 டிபிஎம், ஏறக்குறைய 4.6 வாட். ஹார்மோனிக் −66-ஓடு 60, அதாவது −6 டிபிஎம், 250 மைக்ரோவாட். அமெரிக்க அமெச்சூர் விதி இந்தப் பட்டையில் 25 வாட் வரையிலான ரேடியோக்களுக்கு இரண்டு நிபந்தனை வைக்கிறது: முதன்மை சிக்னலைவிட 40 டிபியாவது கீழே இருக்க வேண்டும், 25 மைக்ரோவாட்டையும் தாண்டக் கூடாது. என் ரேடியோ முதலாவதில் 42.6 எடுத்துத் தேறியது, இரண்டாவதில் பத்து மடங்கு மீறித் தோற்றது. முதல் நிபந்தனையை மட்டும் படித்துவிட்டு "பாஸ்" போடுபவர்கள் உண்டு.

160 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் தடுக்கும் லோ-பாஸ் ஃபில்டர் ஒன்றைக் கம்பி சுற்றிச் செய்து, ரேடியோவுக்கும் பெரிய அட்டெனுவேட்டருக்கும் நடுவே வைத்தேன். 290-ல் கோபுரம் மறைந்தது. இதை "பூஜ்யம்" என்று எழுதக் கூடாது. அடிப்புல் −102-ல் இருக்கிறது, 60 சேர்த்தால் −42. ஆகவே நோட்டில் எழுத முடிந்தது "−42 டிபிஎம்முக்கு மேல் இல்லை" என்பது மட்டும்.

அதற்கும் கீழே தோண்ட ஆசை வந்தால், அட்டெனுவேட்டரைக் குறைக்கத் தோன்றும். குறைத்தால் 145 பலமாகி, கருவி தன் சொந்த 290-ஐப் பெற்றுப்போடும். அதற்குப் பதில் 145-ஐத் தடுத்து 290-ஐ விடும் ஹை-பாஸ் ஃபில்டரை 40 டிபி பெட்டிக்கு அப்புறம், 20-ஐக் கழற்றிவிட்ட இடத்தில் வையுங்கள். பெட்டிக்கு முன்னால் வைத்தால் 5 வாட்டும் ரேடியோவுக்கே திரும்பி வரும். 145-ல் 60 டிபியாவது அந்த ஃபில்டர் தடுக்கிறதா என்பதை, ஒரு கருவியின் சிக்னல் ஜெனரேட்டர் வசதியையும், அளக்க நண்பரின் இன்னொரு கருவியையும் வைத்து முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள். மூன்றாம் ஹார்மோனிக் 435-ல். அதற்கு ஹை வாய், அதே அட்டெனுவேட்டர் வரிசை, அதே 10 டிபி சோதனை.